ஊரில் ஓராண்டு தங்கிவிட்டால் பிஆர் என்னவாகும்? நான்கு நாடுகளின் கணக்கு

அப்பாவுக்கு அறுவை சிகிச்சை, பங்காளிகளோடு சொத்து வழக்கு, அம்மாவைத் தனியே விட முடியாத நிலை: இப்படி ஏதாவது ஒன்று வந்து நம்மை ஊரில் மாதக்கணக்கில் உட்கார வைத்துவிடுகிறது. வெளிநாட்டில் வாங்கிய பிஆர், அதாவது நிரந்தர வசிப்புரிமை, அதுவரை தாங்குமா என்ற கேள்விக்கு நாட்டுக்கு நாடு பதில் வேறு.

என் கணிப்பில், வயதான பெற்றோர் ஊரில் இருப்பவர்களுக்கு அதிகம் இடம் கொடுப்பது கனடா. எந்த நாளில் சோதித்தாலும், அதற்கு முந்தைய ஐந்தாண்டுகளில் 730 நாள் உள்ளே இருந்திருக்க வேண்டும். தொடர்ச்சியாக இருக்க வேண்டியதில்லை. அதாவது, கிட்டத்தட்ட மூன்று ஆண்டுகள் வெளியே இருக்கலாம். கனடியக் குடியுரிமை பெற்ற கணவனுடனோ மனைவியுடனோ வெளிநாட்டில் சேர்ந்து வாழ்ந்த நாள்களும் உள்ளே இருந்ததாகவே சேரும். பிஆர் அட்டை காலாவதியானதும் உரிமையே போய்விட்டதாகப் பலர் பதறுகிறார்கள், போவதில்லை. நாள் குறைந்தாலும் அதிகாரி முறைப்படி முடிவெடுத்தாக வேண்டும், அதை எதிர்த்து மேல்முறையீடு செய்யலாம், பெற்றோரின் நோய் போன்ற மனிதாபிமானக் காரணங்களையும் அங்கே முன்வைக்கலாம். தொல்லை விமான நிலையத்தில்தான். செல்லுபடியாகும் அட்டை கையில் இல்லாவிட்டால் விமானத்தில் ஏற்ற மாட்டார்கள். தனிப் பயண ஆவணத்துக்கு விண்ணப்பித்தால், அந்த 730 நாள் கணக்கை அப்போது தோண்டுவார்கள்.

ஆஸ்திரேலியாவிலும் ஐந்தில் இரண்டு ஆண்டு என்ற கணக்குதான், ஆனால் வேறு இடத்தில் வேலை செய்கிறது. உள்ளே இருக்கும்வரை யாரும் எதுவும் கேட்பதில்லை. பிஆர் விசாவோடு வரும் பயண அனுமதி ஐந்தாண்டில் முடியும். அதன் பின் வெளியே போய்த் திரும்ப, மறுவருகை விசா வேண்டும். இரண்டு ஆண்டு வசித்தவர்களுக்கு அது மீண்டும் ஐந்தாண்டுக்குக் கிடைக்கும். நாள் குறைந்தவர்கள் அங்கே வேலை, தொழில், குடும்பம் என்று வலுவான பிடிப்பைக் காட்ட வேண்டும். கிடைப்பதும் அதிகபட்சம் ஓராண்டு.

பிரிட்டனில் கெடுபிடி எல்லாம் வாங்கும் முன்புதான். வேலை விசாவில் இருப்பவர்கள், ஐஎல்ஆர் எனப்படும் அந்நாட்டு நிரந்தர வசிப்புரிமையைப் பெறுவதற்கான காலம் முழுவதும், எந்தப் பன்னிரண்டு மாதத்தை எடுத்தாலும் 180 நாளுக்கு மேல் வெளியே இருக்கக் கூடாது. அலுவலகம் அனுப்பிய பயணமும் பொதுவாக இதில் சேரும். நெருங்கிய உறவினரின் உயிருக்கு ஆபத்தான நோய்க்கு விலக்கு கேட்கலாம். மருத்துவமனைக் காகிதங்களைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். ஐந்தாண்டு என்ற பொதுவான காத்திருப்பைப் பத்தாக்கும் யோசனையை அரசின் 2025 மே மாதக் கொள்கை ஆவணமான வெள்ளை அறிக்கை முன்வைத்தது. அப்படியானால் இந்த 180 நாள் கட்டுப்பாட்டோடு வாழும் காலமும் இரட்டிப்பாகும். கைக்கு வந்த பின்னரோ தாராளம்: தொடர்ந்து இரண்டு ஆண்டுக்கு மேல் வெளியே இருந்தால்தான் உரிமை காலாவதியாகும்.

அமெரிக்காவை நினைத்தால்தான் எனக்குப் பயம். அந்நாட்டு பிஆரான கிரீன் கார்டைக் காப்பாற்ற இத்தனை நாள் என்று சட்டம் எண் எதுவும் சொல்வதில்லை. அங்கே நிரந்தரமாக வாழும் எண்ணம் இருக்கிறதா என்று எடைபோடுகிறது. பிள்ளை மூலம் கார்டு வாங்கி, சென்னையிலோ கோவையிலோ வாழ்ந்தபடி ஆறு மாதத்துக்கு ஒருமுறை தலையைக் காட்டிவிட்டு வரும் பெற்றோர் பலர். அது போதும் என்று அவர்களிடம் யார் சொன்னார்களோ! 180 நாளுக்கு மேல் வெளியே இருந்தால் புதிதாக வருபவரைப் போலவே சோதிக்கலாம் என்பது உண்மை. அதற்குக் குறைந்தால் பாதுகாப்பு என்று எங்கும் இல்லை. வீடு எங்கே, வரி கட்டுகிறீர்களா, எதற்குப் போனீர்கள் என்று விமான நிலையத்தில் கேள்விகள் வரும். பதில் திருப்தியில்லாவிட்டால் ஐ-407 என்ற படிவத்தை நீட்டுவதுண்டு. கையெழுத்திட்டால் உரிமையை நாமே துறந்ததாகிவிடும். கையெழுத்திட வேண்டிய கட்டாயம் இல்லை, குடிவரவு நீதிபதி முன் விசாரணை கேட்கலாம். பதினைந்து மணி நேரப் பயணம் முடிந்து நிற்கும் எழுபது வயதுக்காரருக்கு இதை முன்கூட்டியே சொல்லி அனுப்புங்கள்.

ஓராண்டுக்கு மேல் தங்க நேர்ந்தால், திரும்பி நுழைய அந்தக் கார்டு மட்டும் போதாது. பொதுவாக இரண்டு ஆண்டு வரை செல்லும் மறுநுழைவு அனுமதியை வாங்கிக்கொண்டு கிளம்புவதே வழி. அது இருந்தாலும் குடியுரிமைக்கான தொடர் வசிப்புக் கணக்கு ஓராண்டில் முறிந்துவிடும். மறுநுழைவு அனுமதிக்கு விண்ணப்பிக்கும் நாளில் அமெரிக்காவுக்குள் இருந்தாக வேண்டும் என்பதால், ஊருக்கு வந்து சேர்ந்த பிறகு யோசித்துப் பயனில்லை.