கேடயமா, கட்-ஆஃபா, கட்டுரையா: கல்லூரி இடத்துக்கு எது உதவும்?

ராமநாதபுரம் மாவட்டக் கரையில், தொண்டியில் தொடங்கி தேவிபட்டினம், மண்டபம், பாம்பன், கீழக்கரை, ஏர்வாடி, மூக்கையூர் வரை எந்த ஊரிலும் பிள்ளைகள் இருக்கிற வீட்டில் இரண்டு மூன்று கேடயங்களாவது இருக்கும். கபடி, கைப்பந்து, சிலம்பம், பேச்சுப்போட்டி, ஓவியம் என்று ஏதோ ஒன்றுக்கு வாங்கியது. பிளஸ் டூ முடிவு வந்த வாரத்தில் பெற்றோர் முதலில் கேட்பதும் அதைப் பற்றித்தான்: "சார், இதையெல்லாம் காட்டினா காலேஜ்ல சீட்டு கிடைக்குமா?"

கிடைக்கும், ஆனால் எல்லா இடத்திலும் இல்லை. ஒரே சான்றிதழ் ஒரு கல்லூரியில் நான்கு வருடக் கட்டணத்தையே மிச்சப்படுத்தும். இன்னொரு கலந்தாய்வில் அதை வாங்கிப் பார்க்கவே ஆள் இருக்காது. அதனால் "சாதனை உதவுமா" என்று பொதுவாகக் கேட்பதைவிட, எந்தச் சாதனைக்கு எந்த வழியில் மதிப்பு என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது நல்லது. அதுவும் பிளஸ் டூ முடிந்த பிறகு அல்ல, பத்தாம் வகுப்பு முடியும்போதே.

நம் கரையில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. விசைப்படகுகளுக்கான மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். பிளஸ் டூ முடிவும் விண்ணப்பங்களும் சான்றிதழ் அலைச்சலும் அதே நாட்களில்தான் வந்து விழுகின்றன. வீட்டில் வருமானம் நின்றிருக்கும்போது மதுரைக்கும் சென்னைக்கும் தேர்வுக்காகவும் சரிபார்ப்புக்காகவும் போய்வர வேண்டும். ஒவ்வொரு வழியையும் எடைபோடும்போது இந்தச் செலவையும் சேர்த்தே பார்க்கிறேன்.

மதிப்பெண்ணும் 7.5 சதவீதமும்

தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வில் கட்-ஆஃப் 200க்கு. கணக்குக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50. அதாவது கணக்கில் 10 மதிப்பெண் கூடினால் கட்-ஆஃபில் முழுசாக 10 கூடும். இயற்பியலில் 10 கூடினால் 5தான் கூடும். பொதுப் பட்டியலில் பேச்சுப்போட்டிக்கோ ஓவியத்துக்கோ அரை மதிப்பெண்கூடக் கிடையாது. மருத்துவத்துக்கு நீட் மதிப்பெண், மத்தியப் பல்கலைக்கழகங்களுக்குக் க்யூட் என்ற பொது நுழைவுத் தேர்வின் மதிப்பெண். அங்கும் பொதுப் பட்டியல் இதே மாதிரிதான்.

ஆனால் இதே வழியில் ஒரு பெரிய சலுகை இருக்கிறது. அதை நம் ஊரில் பாதிப் பேர் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை. அரசுப் பள்ளியில் 6 முதல் 12ஆம் வகுப்பு வரை படித்தவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீடு. 2020இல் மருத்துவத்துக்கு வந்தது. முதல் ஆண்டிலேயே எம்.பி.பி.எஸ்., பல் மருத்துவம் இரண்டும் சேர்த்து 400 இடங்களுக்கு மேல் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒதுங்கின. 2021இல் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் என்று விரிந்தது. இந்த ஒதுக்கீட்டில் சேர்பவர்களின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. படகு நிற்கும் மாதத்தில் ஒரு குடும்பத்துக்கு இதைவிடப் பெரிய உதவி எது?

கவனிக்க வேண்டியது ஒன்று. இது அரசுப் பள்ளிக்கு மட்டும். அரசு உதவி பெறும் பள்ளிக்குக் கிடையாது. நம் கரையில் கிறிஸ்தவ சபைகளும் முஸ்லிம் அறக்கட்டளைகளும் நடத்தும் உதவி பெறும் பள்ளிகள் நிறைய. அங்கே படித்த பிள்ளை எவ்வளவு நன்றாகப் படித்தாலும் இந்தப் பட்டியலில் வராது. அதைவிட வருத்தமானது இன்னொன்று: பத்தாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படிக்க வைத்துவிட்டு, நல்ல மார்க் வாங்கியதும் கடன் வாங்கித் தனியார் பள்ளியில் பிளஸ் ஒன் சேர்க்கிறார்கள். அந்த ஒரே முடிவில் ஐந்து வருட உரிமை போய்விடுகிறது. மெடிக்கல் ஆசையில் மாற்றுகிறவர்கள், மெடிக்கலுக்கே மிக உதவியாக இருந்திருக்கும் சலுகையை விட்டுவிட்டுப் போகிறார்கள். பள்ளி மாற்றுவதற்கு முன்னால் தயவுசெய்து ஒருமுறை யோசியுங்கள்.

விளையாட்டு: மூன்று விதமான மதிப்பு

எம்.பி.பி.எஸ்.ஸில் மாநிலம் முழுவதற்கும் விளையாட்டு ஒதுக்கீடு 7 இடம். பொறியியலில் 500 இடம். இந்த இரண்டு எண்களையும் சேர்த்துப் பார்த்தாலே தெரியும், விளையாட்டை நம்பி மருத்துவக் கனவு காண்பதும் பொறியியல் கனவு காண்பதும் ஒன்றல்ல என்று. இரண்டிலும் போட்டியின் தரத்தை வைத்துத்தான் வரிசை: இந்தியாவுக்காக ஆடியவர் மேலே, தேசியப் பதக்கம் அடுத்து, அப்படியே இறங்கிவரும். மாவட்ட அளவோடு நிற்கும் சான்றிதழை வைத்து இந்த ஒதுக்கீட்டில் இடம் எதிர்பார்க்க முடியாது. எந்த விளையாட்டுகளை ஏற்கிறார்கள் என்ற பட்டியலும் அந்தந்த ஆண்டு கையேட்டில் இருக்கும். சிலம்பம் ஆடும் பிள்ளைகள் இதைக் கட்டாயம் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது வழி, கல்லூரிகளே நடத்தும் தேர்வு. ஏப்ரல், மே மாதங்களில் மதுரை, திருச்சி, சென்னைக் கல்லூரிகளும் தனியார் பல்கலைக்கழகங்களும் கைப்பந்து, கபடி, கூடைப்பந்து, தடகளம் ஆகியவற்றுக்கு ஆள் எடுக்கின்றன. இங்கே காகிதத்தைவிடக் களத்தில் ஆடுவதற்குத்தான் மதிப்பு. மாநில அணிக்குப் போகாத பையன்கூட, ஆறடி உயரமும் நல்ல கையும் இருந்தால், கட்டணமில்லா இடமும் விடுதியும் சாப்பாடும் வாங்கிவிடுகிறான். நம் கரைப் பிள்ளைகளுக்கு விளையாட்டில் உள்ள வழிகளில் இதுதான் மிகவும் நடைமுறையானது என்று நினைக்கிறேன். ஆனால் நான்கு வருடமும் அணியில் ஆட வேண்டும். காயம் பட்டால் சலுகை தொடருமா என்பதைச் சேரும்போதே எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

மூன்றாவது, வெளியூர்ப் பெரிய நிறுவனங்கள். சென்னை ஐஐடி 2024-25இல் விளையாட்டுச் சாதனையாளர்களுக்கு ஒவ்வொரு இளநிலைப் படிப்பிலும் 2 கூடுதல் இடம் தொடங்கியது. அதில் ஒன்று பெண்களுக்கு. ஆனால் ஐஐடி நுழைவுத் தேர்வான ஜேஇஇ அட்வான்ஸ்டு தரவரிசையிலும் பெயர் வர வேண்டும், கடைசி நான்கு ஆண்டுகளில் தேசிய அல்லது சர்வதேசப் பதக்கமும் வேண்டும். இரண்டும் சேர்ந்து ஒருவரிடம் இருப்பது அபூர்வம். டெல்லிப் பல்கலைக்கழகம் வேறு மாதிரி: விளையாட்டு, கலை ஒதுக்கீட்டில் க்யூட் மதிப்பெண்ணுக்கு 25 சதவீதம், சாதனைக்கு 75 சதவீதம். கலைச் சாதனைக்கு இவ்வளவு எடை தருவது தமிழ்நாட்டுக் கலந்தாய்வில் நாம் பார்க்காதது. ஆனால் விளையாட்டுக்கும் பெரும்பாலான கலைகளுக்கும் நேரில் போய்த் திறமையைக் காட்ட வேண்டும். பயணச் செலவை யார் ஏற்பது என்று முதலிலேயே முடிவு செய்துகொண்டு இறங்க வேண்டும்.

கலை, பேச்சு, என்சிசி

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பள்ளிக் கலைத் திருவிழாப் பரிசுகள் பிள்ளைக்குத் தைரியம் தரும், மேடைக் கூச்சம் போகும். தமிழ்நாட்டுக் கலந்தாய்வில் இடம் தராது. என்சிசி கொஞ்சம் பரவாயில்லை. அரசு கலை அறிவியல் கல்லூரிகளில் சிறப்புப் பிரிவுக் கலந்தாய்வு முதலில் நடக்கும். மாற்றுத்திறனாளிகள், முன்னாள் படைவீரர் பிள்ளைகள், விளையாட்டு வீரர்களோடு என்சிசி மாணவர்களும் அதில் வருகிறார்கள். ராமநாதபுரம் சேதுபதி அரசு கலைக் கல்லூரியில் சேர நினைப்பவர் அந்த நாளைத் தவறவிடக் கூடாது. டெல்லிப் பல்கலைக்கழகத்தில் என்சிசிக்குக் களத் தேர்வு இல்லை, சான்றிதழை வைத்தே மதிப்பிடுகிறார்கள்.

மீன்வளப் படிப்பு

நாகப்பட்டினத்தைத் தலைமையிடமாகக் கொண்ட மீன்வளப் பல்கலைக்கழகம் 2012இல் வந்தது. தூத்துக்குடி மீன்வளக் கல்லூரி அதற்கும் வெகு முன்னால், 1977இல் தொடங்கியது. அங்கே மீனவர் பிள்ளைகளுக்குத் தனி ஒதுக்கீடு இருக்கிறது. இதற்குக் கேடயம் வேண்டாம், அப்பாவின் தொழிலுக்கான சான்று போதும். அப்படியிருந்தும் நம் கரையிலிருந்து விண்ணப்பிக்காமல் விடுகிறவர்கள் அதிகம். "கடல் தொழில் நம்மோட போகட்டும்" என்று சொல்லும் பெற்றோரின் வேதனை புரிகிறது. ஆனால் பி.எஃப்.எஸ்சி. என்ற மீன்வளப் பட்டம் படித்தவர் வலை இழுக்கப் போவதில்லை. மீன்வளத் துறை, ஆராய்ச்சி நிலையம், இறால் பண்ணை, ஏற்றுமதி நிறுவனம், வங்கி என்று போகிறார்கள். மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மையம் கண்ணெதிரே இருக்கிறது. ஒரே நிபந்தனை, பிளஸ் ஒன்னில் உயிரியல் எடுத்திருக்க வேண்டும். கம்ப்யூட்டர் குரூப் எடுத்த பிறகு வருத்தப்பட்டுப் பலனில்லை.

கட்டுரையும் நேர்காணலும் கேட்கும் பல்கலைக்கழகங்கள்

பெங்களூரு அசிம் பிரேம்ஜி பல்கலைக்கழகம், அரியானாவின் அசோகா பல்கலைக்கழகம் போன்றவை மதிப்பெண்ணோடு நிறுத்துவதில்லை. நுழைவுத் தேர்வு, நேர்காணல், எழுத்து என்று மாணவரையே பார்க்கின்றன. குடும்ப வருமானத்தைப் பொறுத்து முழுக் கட்டணம் வரை உதவியும் தருகின்றன. ஆங்கிலம் பயமுறுத்தும், அதற்கு ஒரு வருடமாவது முன்கூட்டியே உழைக்க வேண்டும். ஆனால் மற்ற வழிகளில் செல்லாத ஒரு வகைச் சாதனை இங்கே செல்லும்.

பாம்பன் பக்கத்தில் அம்மா கடல்பாசி வளர்க்கும் வீட்டுப் பிள்ளையை எடுத்துக்கொள்ளுங்கள். மூங்கில் மிதவையில் கட்டிய பாசி 45 நாளில் அறுவடைக்கு வரும். அந்தப் பிள்ளை ஒரு நோட்டில், எந்த வாரம் எவ்வளவு எடை கூடியது, எந்த மாதம் வெயிலில் பாசி வெளுத்து உதிர்ந்தது, எந்த மீன் கடித்தது என்று ஒரு வருடம் எழுதி வந்தால், அதுவே ஓர் ஆய்வு. உயிரியல் ஆசிரியர் துணை இருந்தால் அறிவியல் கண்காட்சிக்கும் போகலாம். நேர்காணலில் அதைப் பற்றி அரை மணி நேரம் பேச முடியும். பத்துப் போட்டியில் கலந்துகொண்ட பங்கேற்புச் சான்றிதழ்களைப் பற்றி அப்படிப் பேச முடியாது.

ஒன்று மட்டும் பிள்ளைகளிடம் சொல்ல விரும்புகிறேன். இலங்கைக் கடற்படை அப்பாவைப் பிடித்துக்கொண்டு போனது நடந்திருக்கலாம். அதை எழுத வேண்டும் என்று தோன்றினால் எழுதுங்கள், கூச்சப்பட வேண்டாம். ஆனால் இரக்கத்துக்காக எழுத வேண்டாம். அந்த மாதங்களில் வீட்டை எப்படி நடத்தினீர்கள், எந்த அலுவலகத்துக்கு மனு எழுதினீர்கள், தம்பி தங்கச்சியின் படிப்பை எப்படிப் பார்த்துக்கொண்டீர்கள் என்று எழுதுங்கள்.

அப்படியானால் யாருக்கு எது?

அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து படிக்கும் பிள்ளைக்கு, பள்ளி மாறாமல் இருப்பதும் கணக்கில் உழைப்பதும்தான் முதல் இடம். இதை எந்தக் கேடயத்தோடும் மாற்றிக்கொள்ள மாட்டேன். உதவி பெறும் பள்ளியில் படித்து, மாநில அணி வரை விளையாடும் பிள்ளைக்கு விளையாட்டு ஒதுக்கீடும் கல்லூரித் தேர்வும் இரண்டும் பார்க்க வேண்டியவை. மாவட்ட அளவில் நிற்பவர் ஒதுக்கீட்டை மறந்துவிட்டுக் கல்லூரித் தேர்வுக்கு மட்டும் போகலாம். உயிரியல் எடுத்த மீனவ வீட்டுப் பிள்ளை எந்த நிலையிலும் மீன்வளத்துக்கு ஒரு விண்ணப்பம் போட்டுவிட வேண்டும். வாசிப்பும் எழுத்தும் பிடித்த, மதிப்பெண் நடுத்தரமான பிள்ளைக்குத்தான் கட்டுரை வழி. அந்தப் பிள்ளைக்குப் பொதுப் பட்டியல் நியாயம் செய்யாது. ஆகவே அந்த வழியில் நேரம் செலவழிப்பது வீணில்லை.

எந்த வழியானாலும் ஏப்ரல் 15க்கு முன்னால், கையில் பணம் இருக்கும்போதே, இவற்றை முடித்துவையுங்கள்: சாதிச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று, 6 முதல் 12 வரை எந்தப் பள்ளி என்பதற்கான போனஃபைடு, மீன்வளத் துறையிடமிருந்து அப்பாவின் தொழில் சான்று. விளையாட்டுப் பிள்ளைகள் போட்டி நடந்த வருடமும் நிலையும் தெளிவாக இருக்கிறதா, கையெழுத்தும் முத்திரையும் இருக்கிறதா என்று ஒவ்வொரு சான்றிதழையும் புரட்டிப் பாருங்கள். குறை இருந்தால் அந்தச் சங்கத்திடம் திருத்தி வாங்க அதற்குப் பிறகு நேரம் இருக்காது.