தேனீப் பெட்டிப் பட்டறையில் டி-டிராக்: சில மழைக்காலங்களுக்குப் பிறகு

ஏற்காட்டில் வீட்டுக்குப் பின்னால் உள்ள ஷெட்டில் ஒரு டேபிள் சா (மேசை நடுவே பிளேடு சுழலும் மரம் அறுக்கும் மெஷின்), ஒரு ரௌட்டர் டேபிள் (சுழலும் பிட், அதாவது வெட்டுமுனை, மரத்தைச் செதுக்கும் மேசை) வைத்திருக்கிறேன். காபித் தோட்டக்காரர்கள் கேட்கும் தேனீப் பெட்டிகள்தான் பெரும்பாலும் வேலை. இரண்டு மெஷினிலும் அலுமினிய டி-டிராக் பதித்துச் சில வருஷம் ஓடிவிட்டது. வாங்கிய வாரத்திலேயே எழுதிய விமர்சனங்கள் நிறையக் கிடைக்கின்றன. மலைப் பனியும் இரண்டு பருவமழையும் பார்த்த பிறகு அது எப்படி இருக்கிறது என்று யாரும் எழுதுவதில்லை. அதனால் எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்கு: மேலே குறுகலான வாயும் உள்ளே அகலமான இடமும் கொண்ட அலுமினியச் சட்டம் இது. தலை தட்டையான போல்ட்டை உள்ளே நுழைத்து, வேண்டிய இடத்துக்குத் தள்ளி, மேலே குமிழ் நட்டைத் திருகினால் அங்கேயே பிடித்துக்கொள்ளும். ஜி கிளாம்ப் எட்டாத இடத்திலும் பிடிமானம் கிடைக்கிறது.

எனக்கு இது ஏன் தேவைப்பட்டது என்றால், நம் பக்கம் அதிகம் புழங்குவது நியூட்டன் பெட்டி. திருச்சியில் இருந்த பாதிரியார் நியூட்டன் இந்தியத் தேனீக்கென்று வடிவமைத்தது. அடியறைக்கு, தேனீ அடை கட்டும் மரச்சட்டங்கள் ஏழு. ஒரு சட்டத்துக்குப் பக்கக்கட்டை இரண்டு என்றால், ஒரே நீளத்தில் 14 கட்டைகள் வேண்டும். சட்டத்துக்கும் பெட்டிச் சுவருக்கும் நடுவே ஏழெட்டு மில்லிமீட்டர் இடைவெளி நிற்க வேண்டும். கூடினால் தேனீ அங்கேயும் அடை கட்டிவிடும், சட்டத்தைத் தூக்கும்போது அடை பிய்ந்து தேன் ஒழுகும். குறைந்தால் தேனீ அந்த வழியில் போக முடியாது. ஒவ்வொரு கட்டையாக அளந்து, கோடு போட்டு அறுத்தால் இந்த ஒழுங்கு வராது. ஒரு தடுப்புக்கட்டையை நிறுத்தி, அதில் முட்டவைத்து அறுத்தால் தானாக வரும்.

என் டேபிள் சாவின் மேசை மெல்லிய அலுமினிய வார்ப்பு. அதில் காடி (நீளப் பள்ளம்) எடுத்து டிராக் பதிக்க வழியே இல்லை. வீட்டு உபயோகத்துக்கு விற்கும் சின்ன மெஷின்கள் பலவும் இப்படித்தான். அதனால் மேசையின் மேல் ஓடும் பிளைவுட் சறுக்குப் பலகை ஒன்று செய்து, அதன் நிமிர்ந்த பின்கட்டையின் தலையில் டிராக்கைப் பதித்தேன். ரௌட்டர் டேபிளில் நேராக மேற்பலகையிலேயே பதித்தேன்.

பதிக்கும் விதத்தில்தான் விஷயமே இருக்கிறது. இங்கே ஆன்லைனில் பரவலாகக் கிடைப்பது 30 மில்லி அகலம், 12.8 மில்லி உயரம் உள்ள டிராக். 18 மில்லி பிளைவுட்டில் 13 மில்லி ஆழம் காடி எடுத்தால் அடியில் 5 மில்லிதான் மிஞ்சும். ஸ்க்ரூ பிடிக்க அது போதாது. குமிழை இறுக்க இறுக்க டிராக் மேலே எழும்பப் பார்க்கும். அதனால் இரண்டு பலகையை ஒட்டி 36 மில்லி ஆக்கினேன். இன்றுவரை ஒரு ஸ்க்ரூகூட இளகவில்லை. டிராக்கின் மேல் விளிம்பு பலகையை விட ஒரு மயிரிழை கீழே இருக்க வேண்டும். மேலே துருத்தினால் தள்ளுகிற மரம் அதில் தட்டி நிற்கும். பிட் சுழலும்போது மரம் தட்டி நிற்பது ஆபத்து.

அடுத்து ஈரம். அலுமினியத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. பாடு எல்லாம் மரத்துக்குத்தான். காடியின் உட்புறத்தில், வெட்டுப்பட்ட பிளைவுட் விளிம்பு ஈரத்தை உறிஞ்சி ஊதும். அங்கே வார்னிஷ் இரண்டு கை அடித்து, காய்ந்த பிறகுதான் டிராக்கை வைத்தேன். அதனால் ஐப்பசி மழையிலும் மரம் ஊதி டிராக்கை நெருக்கவில்லை. எம்.டி.எஃப் பலகையை (மரத்தூள் நாரை அழுத்திச் செய்வது) மலையில் யாருக்கும் சொல்ல மாட்டேன். ஒருமுறை ஊதினால் திரும்ப வற்றாது. டிராக்கோடு கொடுத்த ஸ்க்ரூக்கள் முதல் மழைக்காலத்திலேயே பழுப்பேறிவிட்டன. சேலம் போனபோது எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) ஸ்க்ரூ வாங்கி வந்து மாற்றினேன். அவை பளிச்சென்று அப்படியே இருக்கின்றன.

சாயம் பூசாத வெறும் அலுமினியம் மரத்தில் கறுப்புக் கோடு இழுக்கும். சில்வர் ஓக் மாதிரி வெளிர்மரத்தில் அது நன்றாகத் தெரியும். மெழுகுவர்த்தியை டிராக்கின் மேலும் உள்ளேயும் தேய்த்துத் துணியால் துடைத்தால் கறை படிவதில்லை, போல்ட்டும் வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. டிராக்கின் ஒரு முனையைப் பலகை ஓரம் வரை திறந்து விடுங்கள். இரண்டு பக்கமும் அடைத்தால் உள்ளே விழும் தூள் ஈரத்தில் கட்டியாகிவிடும். குத்தூசி வைத்துத்தான் கிண்ட வேண்டும்.

இனி துணைக்கருவிகள். பன்னிரண்டு, பதினைந்து சாமான் சேர்த்து விற்கும் தொகுப்புகள் தேவையே இல்லை. அப்படி வந்த பிளாஸ்டிக் மடக்குத் தடுப்பு ஒன்று ஒரு குளிர்காலத்தில் கீல் பக்கம் விண்டுபோனது. மேலிருந்து அமுக்கும் கொக்கிக் கிளாம்ப் உயரமாக நின்று கைக்கு இடைஞ்சல் செய்கிறது. துளை போடுகிற வேலைக்கு அது நல்லது, ரௌட்டர் டேபிளில் சும்மாதான் கிடக்கிறது.

நான் தினமும் தொடுவது இரண்டைத்தான். முதலாவது, வேப்பங்கட்டையில் நானே செய்த தடுப்பு. நெருப்புப்பெட்டியை விடச் சற்றுப் பெரியது. மரம் வந்து முட்டும் முகத்தில், கீழ் மூலையை மட்டும் உளியால் சரிவாகச் சீவியிருக்கிறேன். அறுக்கும் தூள் அந்தச் சரிவுக்குள் ஒதுங்கும். சீவாவிட்டால் தூள் தடுப்புக்கும் கட்டைக்கும் நடுவே சிக்கி, பத்தாவது கட்டை அரை மில்லி குட்டையாக வரும். அந்த ஒரு சீவல்தான் இந்த ஏற்பாட்டிலேயே மதிப்புள்ள இடம் என்பேன்.

இரண்டாவது சீப்புப் பலகை, அதாவது ஃபெதர் போர்டு. மரத்தை மெஷினின் பக்கவாட்டு வழிகாட்டிச் சட்டத்தோடு (ஃபென்ஸ்) ஒட்டி அமுக்கி, பின்னால் உதைத்து வராமல் பிடிக்கும். டேபிள் சாவில் இதை பிளேடுக்கு முன்னால் மட்டும் வையுங்கள். பிளேடுக்கு நேராகவோ தாண்டியோ வைத்தால் அறுத்த பிளவு நெருங்கி பிளேடைக் கவ்வும், மரம் நம்மை நோக்கிப் பாயும். இதில் விளையாட்டு வேண்டாம்.

பக்கத்து ஊர் ஆசாரி ஒருவர் வந்து தடுப்பை நகர்த்தி நகர்த்திப் பார்த்தார். “ஏம்ப்பா தம்பி, நாங்க ஆணி அடிச்சுத் துண்டுக்கட்டய நிறுத்துவோம். இது கழட்டி மாட்டுற ஆணி, அவ்ளோதானே?” என்றார். “அதேதாங்கண்ணே, ஆனா பலகையில ஓட்டை விழாது” என்றேன். அடுத்த முறை வந்தபோது எங்கே வாங்கியது என்று கேட்டுக் குறித்துக்கொண்டார்.

அவருக்குச் சொன்னதையே இங்கும் சொல்கிறேன். முதலில் ஒரு மீட்டர் டிராக் ஒன்று, அதற்கான எம்8 போல்ட் நான்கு, குமிழ் நான்கு மட்டும் வாங்குங்கள். மற்றதைக் கழிவுக்கட்டையில் செய்துகொள்ளலாம். இரண்டாவது டிராக் வாங்கும்போதும் அதே அளவையே பிடியுங்கள். இன்ச் கணக்கில் வரும் முக்கால் இன்ச் டிராக்குக்குக் காடி அகலமும் வேறு, போல்ட்டும் வேறு.