13 வருடம் டூ ஸ்ட்ரோக், 7 வருடம் ஃபோர் ஸ்ட்ரோக்: என் இரண்டு ஜெட் ஸ்கிகளின் பழுதுக் கணக்கு

தண்ணீரில் பைக் போல உட்கார்ந்து ஓட்டும் ஜெட் ஸ்கி என்னிடம் இரண்டு இருக்கின்றன. ஒன்று 1990-களில் வந்த இரண்டு சிலிண்டர் டூ ஸ்ட்ரோக். 700 சிசி வகை, சிலிண்டருக்கு ஒரு கார்புரேட்டர், பெட்ரோலில் ஆயில் கலந்து ஊற்றி ஓட்ட வேண்டும். பழசாகத்தான் வாங்கினேன், 13 வருடமாக ஓட்டுகிறேன். இன்னொன்று மூன்று சிலிண்டர் ஃபோர் ஸ்ட்ரோக். ஃபியூயல் இன்ஜெக்ஷன், எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரான ஈசியூ, எலெக்ட்ரானிக் த்ராட்டில், சிப் வைத்த சாவி என எல்லாம் உண்டு. புதிதாக வாங்கி ஏழு வருடம் ஆகிறது, மீட்டரில் 312 மணி நேரம் காட்டுகிறது. டூ ஸ்ட்ரோக்கில் அந்த மீட்டரே கிடையாது.

எது நல்லது என்று கேட்பவர்கள் பெரும்பாலும் வேகத்தையும் பெட்ரோல் செலவையும் மனதில் வைத்துத்தான் கேட்கிறார்கள். எனக்கு வேறு இரண்டு கேள்விகள் முக்கியம். தண்ணீருக்கு நடுவில் நின்றுவிட்டால் நான் என்ன செய்ய முடியும்? கரைக்கு வந்த பிறகு என் கையால் எதுவரை சரிசெய்ய முடியும்?

டூ ஸ்ட்ரோக் நின்றால் பார்க்க வேண்டியவை மூன்றுதான்: பிளக்கில் கரண்ட் வருகிறதா, பெட்ரோல் வருகிறதா, கம்ப்ரஷன் இருக்கிறதா. எஞ்சின் ஹெட்டில் வால்வு இல்லை, கேம்ஷாஃப்ட் இல்லை, டைமிங் செயின் இல்லை. பெட்ரோல் பம்புக்குக்கூட மின்சாரம் வேண்டாம். பிஸ்டன் ஏறி இறங்கும்போது எஞ்சினின் அடிப்பெட்டியான கிராங்க் கேஸுக்குள் அழுத்தம் மாறிக்கொண்டே இருக்கும். ஒரு சின்ன ரப்பர் குழாய் அந்தத் துடிப்பைக் கொண்டுபோய் பம்பின் டயஃப்ரம் என்ற சவ்வை அசைக்கிறது, அவ்வளவுதான். ஒரு தடவை அந்தக் குழாயில் மயிரிழை அளவு விரிசல் விட்டு வண்டி இழுக்காமல் போனது. விரிசல் விட்ட நுனியை வெட்டி எறிந்துவிட்டு மறுபடி மாட்டினேன், ஓடியது. தண்ணீரிலேயே, சீட்டைத் திறந்து வைத்துக்கொண்டு செய்த வேலை அது.

ஆனால் இதை வைத்து டூ ஸ்ட்ரோக் எளிது என்று யாராவது சொன்னால் பாதிதான் ஒப்புக்கொள்வேன். வாங்கிய மூன்றாம் வருடம் எஞ்சின் சீஸ் ஆனது, அதாவது பிஸ்டன் சிலிண்டரோடு இறுகிப் பிடித்துக்கொண்டது. முழு த்ராட்டிலில் போய்க்கொண்டிருந்தேன். சத்தம் லேசாக ஏறியது, வண்டி வழக்கத்தைவிட உற்சாகமாக ஓடுவது போல இருந்தது. அடுத்த சில வினாடிகளில் இறுகி நின்றுவிட்டது. ஹெட்டைக் கழற்றிப் பார்த்தால் பின் சிலிண்டர் பிஸ்டனில் எக்ஸாஸ்ட் பக்கம் முழுக்கக் கீறல், சிலிண்டர் சுவரில் அலுமினியம் அப்பிக்கிடந்தது. இரண்டு சிலிண்டரையும் ரீபோர் செய்து, அடுத்த அளவு பிஸ்டன், புது ரிங், கேஸ்கெட் எல்லாம் போட்டு ஓட்டினேன். இரண்டே மாதம். அதே சிலிண்டர் மறுபடி போனது.

அப்போதுதான் கார்புரேட்டரைப் பிரித்தேன். உள்ளே நகக்கண் அளவில் ஒரு வலை ஃபில்டர் இருக்கும். அது முழுக்கப் பச்சை நிறப் பிசின். பழைய பெட்ரோல் குழாயின் உள்பக்கம் கரைந்து வந்து அங்கே சேர்ந்திருந்தது. பின் சிலிண்டருக்குப் பெட்ரோல் குறைவாகவும் காற்று அதிகமாகவும் போய்க்கொண்டிருந்திருக்கிறது. இந்த வகை எஞ்சினில் பெட்ரோலோடு சேர்ந்துதான் ஆயிலும் உள்ளே வருகிறது. அதனால் பெட்ரோல் குறைந்தால் சூடும் ஏறும், அதே நேரத்தில் ஆயிலும் குறையும். பிஸ்டன் தாங்காது. முதல் தடவை நான் மாற்றியது உடைந்ததை மட்டும், உடைத்ததை அல்ல.

அதன் பிறகு எல்லாப் பெட்ரோல் குழாய்களையும் மாற்றினேன், இரண்டு கார்புரேட்டருக்கும் கிட் போட்டேன். எஞ்சினை மூடுவதற்கு முன் லீக் டெஸ்ட்டும் செய்தேன். இன்டேக், எக்ஸாஸ்ட் இரண்டையும் அடைத்துவிட்டு உள்ளே சுமார் 8 பிஎஸ்ஐ காற்றை ஏற்றி, மூட்டுகளிலும் கிராங்க் சீல் பக்கமும் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்க்க வேண்டும். குமிழ் வந்தால் அங்கே வெளிக்காற்று நுழைகிறது என்று அர்த்தம், அதுவும் பிஸ்டனைத் தின்றுவிடும். இதைச் செய்து ஒன்பது வருடத்துக்கு மேல் ஆகிறது, எஞ்சின் மறுபடி சீஸ் ஆகவில்லை. டூ ஸ்ட்ரோக் வாங்க நினைக்கிறவர்கள் எஞ்சினை விடப் பெட்ரோல் குழாயை முதலில் பாருங்கள் என்று சொல்வது இதனால்தான்.

கவிழ்ந்து தண்ணீர் உள்ளே போவது எல்லாருக்கும் ஒரு நாள் நடக்கும். நிமிர்த்தும்போது பின்பக்க ஸ்டிக்கரில் போட்டிருக்கும் திசையில்தான் புரட்ட வேண்டும், மாற்றிப் புரட்டினால் எக்ஸாஸ்டில் நிற்கும் தண்ணீர் சிலிண்டருக்கே வந்துவிடும். டூ ஸ்ட்ரோக்கில் தண்ணீர் போய்விட்டால் பிளக்குகளைக் கழற்றி, இக்னிஷனை முறைப்படி எர்த் செய்து, செல்ஃப் அடித்தால் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு வெளியே வரும். கொஞ்சம் ஆயில் விட்டு, புது பிளக் போட்டு, அன்றைக்கே ஸ்டார்ட் செய்து சூடாக்கிவிட்டால் பிழைத்துக்கொள்ளும். கிராங்க் பேரிங் துருப்பிடிக்க ஒரே இரவு போதும், அதனால் நாளைக்குப் பார்க்கலாம் என்று விடக் கூடாது. ஃபோர் ஸ்ட்ரோக்கில் இதோடு ஆயிலிலும் தண்ணீர் கலந்துவிடும். ஆயில் பால் போல வெளுத்துப்போய், நிறம் தெளியும் வரை இரண்டு மூன்று தடவை மாற்ற வேண்டியிருக்கும்.

சரி, இவ்வளவு எளிதாகக் கை வைக்க முடிகிற எஞ்சினை நிறுவனங்கள் ஏன் கைவிட்டன? காரணம் நியாயமானது. பழைய கார்புரேட்டர் டூ ஸ்ட்ரோக்கில் உள்ளே வரும் வழியும் வெளியே போகும் வழியும் ஒரே நேரத்தில் கொஞ்சம் திறந்திருக்கும். ஊற்றுகிற பெட்ரோலில் கால் பங்கு வரை எரியாமலே நேராகத் தண்ணீருக்குப் போய்விடும். அமெரிக்காவின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு அமைப்பான இபிஏ 1996-ல் விதி கொண்டுவந்து 2006-க்குள் இந்தப் புகையை நான்கில் ஒரு பங்காகக் குறைக்கச் சொன்னது. அங்குள்ள டாஹோ ஏரியில் 1999-லேயே கார்புரேட்டர் டூ ஸ்ட்ரோக்குகளுக்குத் தடை வந்துவிட்டது. 2002-ல் யமஹா எஃப்எக்ஸ் 140, சீ-டூ ஜிடிஎக்ஸ் 4-டெக் என்று ஃபோர் ஸ்ட்ரோக் வண்டிகள் வந்தன. நின்றுகொண்டு ஓட்டும் யமஹா சூப்பர்ஜெட் மட்டும் 701 சிசி டூ ஸ்ட்ரோக்கோடு 2020 வரை தாக்குப்பிடித்தது, 2021-ல் அதுவும் 1049 சிசி ஃபோர் ஸ்ட்ரோக்குக்கு மாறிவிட்டது. என் டூ ஸ்ட்ரோக்கை ஓட்டிவிட்டு வரும் நாளில் சட்டையில் ஒட்டும் வாசனையும், நிறுத்தும் இடத்தில் தண்ணீர் மேல் படரும் வானவில் படலமும் எனக்கே பிடிப்பதில்லை. நண்பர்களோடு போகும் நாட்களில் இப்போது அதை எடுப்பதைக் குறைத்துவிட்டேன்.

இடையில் டைரக்ட் இன்ஜெக்ஷன் டூ ஸ்ட்ரோக் என்று ஒரு தலைமுறை வந்து போனது. நண்பர் ஒருவரின் வண்டியில் கூடவே நின்று வேலை பார்த்திருக்கிறேன். பெட்ரோலைத் தெளிக்க அழுத்தக் காற்று வேண்டும் என்பதற்காக எஞ்சினோடு ஒரு குட்டி கம்ப்ரஸரே இருக்கிறது. டூ ஸ்ட்ரோக்கின் நுணுக்கம், கம்ப்யூட்டரின் பூட்டு இரண்டும் ஒரே வண்டியில். பழசாக மலிவாகக் கிடைத்தாலும் நான் வாங்க மாட்டேன்.

ஃபோர் ஸ்ட்ரோக்குக்கு வருகிறேன். ஏழு வருடத்தில் பட்டனை அழுத்தி அது ஸ்டார்ட் ஆகாத நாள் ஒன்றுகூட இல்லை. சோக் இழுப்பது, பிளக் கறுப்பது, ஆயில் அளந்து கலப்பது எதுவும் கிடையாது. ஆயிலும் ஃபில்டரும் நானே மாற்றுகிறேன். எஞ்சின் வண்டியின் படகு போன்ற உடலான ஹல்லுக்குள் புதைந்திருப்பதால் அடியில் திறந்துவிட வழியில்லை, டிப்ஸ்டிக் துளை வழியாகப் பம்ப் வைத்து மேலே உறிஞ்ச வேண்டும். தண்ணீரைப் பின்னால் தள்ளும் இம்பெல்லரும் அதைச் சுற்றியிருக்கும் வியர் ரிங்கும் இரண்டு வண்டிக்கும் ஒரே மாதிரி வேலைதான். உப்பு நீரில் ஓட்டிவிட்டு வந்து கழுவுவதும் அப்படியே: முதலில் எஞ்சினை ஸ்டார்ட் செய்து, அப்புறம் கழுவும் தண்ணீரைத் திறக்க வேண்டும், நிறுத்தும்போது முதலில் தண்ணீர், அப்புறம் எஞ்சின்.

இந்த ஏழு வருடத்தில் அது என்னைக் கைவிட்டது ஒரே ஒரு தடவை. அந்த ஒரு தடவையை டூ ஸ்ட்ரோக்கின் எல்லாப் பழுதுகளையும்விட நன்றாக நினைவு வைத்திருக்கிறேன்.

மூன்றாவது வருடம் அது. திடீரென்று பீப் சத்தம், டிஸ்ப்ளேயில் எஞ்சின் படம், எவ்வளவு அழுத்தினாலும் வேகம் ஏறவில்லை. லிம்ப் மோட் என்பார்கள். ஊர்ந்துகொண்டே கரைக்கு வர ஒரு மணி நேரம் ஆனது. சீட்டைத் திறந்தேன். பிளக் நன்றாக இருந்தது, பெட்ரோல் இருந்தது, பேட்டரி இருந்தது. எனக்குத் தெரிந்த எல்லாக் கேள்விகளுக்கும் வண்டி சரியான பதிலைச் சொல்லிவிட்டது, ஆனாலும் வேகம் எடுக்கவில்லை. அந்தக் கையறு நிலை எனக்குப் புதிது.

நிறுவனத்தின் சர்வீஸ் சென்டரில் முறை வரவே ஐந்து வாரம் ஆனது. கம்ப்யூட்டரை மாட்டிப் பார்த்துவிட்டு, த்ராட்டில் பாடியை மொத்தமாக மாற்ற வேண்டும் என்றார்கள். மாற்றுவதற்கு முன், கோளாறு எது என்று குறிக்கும் எரர் கோடு எண்ணை மட்டும் எழுதித் தரும்படி கேட்டு, வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். சர்வீஸ் மேனுவலில் வயரிங் படத்தைப் பார்த்துப் புரிந்துகொள்ள இரண்டு நாள் பிடித்தது. எலெக்ட்ரானிக் த்ராட்டிலில் அது எவ்வளவு திறந்திருக்கிறது என்று சொல்ல ஒன்றல்ல, இரண்டு சென்சார் உண்டு. ஈசியூ இரண்டையும் ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். இரண்டும் வேறு வேறு சொன்னால் எதையும் நம்பாமல் வேகத்தைக் குறைத்துவிடும். மல்டிமீட்டரை வைத்துக் கனெக்டரில் ஊசி போல இருக்கும் ஒவ்வொரு பின்னையும் சோதித்தேன். ஒரு பின்னில் பச்சையாகக் களிம்பு பூத்திருந்தது. கான்டாக்ட் கிளீனர் அடித்துத் துடைத்து, ஈரம் புகாமல் தடுக்கும் டைஎலெக்ட்ரிக் கிரீஸ் வைத்து மூடினேன். சரியாகிவிட்டது. அதே த்ராட்டில் பாடி நான்கு வருடமாக ஓடுகிறது.

இதில் கம்ப்யூட்டர் செய்தது தவறே இல்லை. ஜெட் ஸ்கியில் த்ராட்டில் தானாகத் திறந்து நின்றுவிட்டால் உயிருக்கே ஆபத்து, அதனால் சந்தேகம் வந்தவுடன் வேகத்தைக் குறைத்தது சரி. த்ராட்டில் சென்சார் பக்கம்தான் கோளாறு என்பதும் அந்தப் பெட்டிக்கு முதல் வினாடியிலேயே தெரியும். வண்டியின் சொந்தக்காரனான என்னிடம் மட்டும் சொல்லவில்லை. கார்களுக்கு ஓபிடி-2 என்று ஒரே மாதிரியான சாக்கெட் இருக்கிறது, எந்த மெக்கானிக்கும் மலிவான ரீடரைச் செருகி எரர் கோடு எண்ணைப் படிக்கலாம். ஜெட் ஸ்கிக்கு அப்படிப் பொதுவான ஒன்று இல்லை. சீ-டூவுக்கு பட்ஸ், யமஹாவுக்கு ஒய்டிஎஸ், கவாசாகிக்கு கேடிஎஸ் என்று ஒவ்வொருவருக்கும் தனி சாஃப்ட்வேர். சில மாடல்கள் கோடு எண்ணை டிஸ்ப்ளேயிலேயே காட்டுகின்றன, வாங்கும் முன் அதை விசாரியுங்கள். சிப் சாவியும் இந்தக் கணக்கில்தான் வரும். தொலைந்துபோனால் புதுச் சாவி கிடைத்தாலும், அதை வண்டியோடு இணைத்துக்கொடுக்க அதே சாஃப்ட்வேர் வேண்டும்.

ஆகவே ஃபியூயல் இன்ஜெக்ஷன் மீது எனக்கு எந்தக் கோபமும் இல்லை, நேர்மையாகச் சொன்னால் கார்புரேட்டரைவிடப் பல மடங்கு மேல். பழுது பார்க்க முடியாமல் போவது எலெக்ட்ரானிக்ஸ் என்பதால் அல்ல, தகவலைப் பூட்டி வைப்பதால். என் வண்டிக்குப் பொருந்தும் ரீடர் ஒன்றை வெளிச் சந்தையில் வாங்கிய பிறகு, ஃபோர் ஸ்ட்ரோக்கில் கை வைக்க இருந்த பயம் போய்விட்டது. போன வருடம் மறுபடி எரர் வந்தபோது கரையிலேயே படித்தேன். செல்ஃப் அடிக்கும்போது பேட்டரி வோல்டேஜ் 10-க்குக் கீழே விழுந்துகொண்டிருந்தது, அதனால் வந்த பொய்யான கோடு. பேட்டரி மாற்றினேன், முடிந்தது.

இனி வரும் வருடங்களைப் பற்றித்தான் கவலை. டூ ஸ்ட்ரோக்குக்கு பிஸ்டன், கேஸ்கெட், கார்புரேட்டர் கிட் எல்லாம் பல நிறுவனங்கள் இன்றும் தயாரிக்கின்றன. ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சினின் இரும்பு நீண்ட காலம் தாங்கும், ஆனால் பிசின் ஊற்றி மூடிய ஈசியூவைப் பிரித்துப் பார்க்க வழியில்லை. கழித்துக்கட்டிய வண்டியிலிருந்து ஒன்று கிடைத்தாலும் சாவியோடு மறுபடி இணைக்க வேண்டியிருக்கும்.

அடிக்கடி தூரமாகப் போகிறவர், குடும்பத்தோடு ஓட்டுகிறவர் என்றால் தயங்காமல் ஃபோர் ஸ்ட்ரோக் எடுங்கள், அதோடு ரீடரும் சர்வீஸ் மேனுவலும் முதல் நாளே வாங்கிவிடுங்கள். வாரக் கடைசியில் கையில் கிரீஸோடு நிற்பது பிடிக்கும், உங்கள் நீர்நிலையில் அனுமதியும் உண்டு என்றால் டூ ஸ்ட்ரோக் நல்ல துணை. இரண்டிலும் ஸ்டார்ட் செய்யும் முன் சீட்டைத் திறந்து பெட்ரோல் ஆவி வெளியேற நேரம் கொடுங்கள்.

இப்போது ஒவ்வொரு சீசனுக்கு முன்பும் ஒரு முழு நாள் ஒதுக்குகிறேன். காலையில் டூ ஸ்ட்ரோக்கின் குழாய்களை விரலால் அழுத்தி, விறைத்துப்போனதை மாற்றுகிறேன். மதியம் ஃபோர் ஸ்ட்ரோக்கின் கனெக்டர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, துடைத்து, கிரீஸ் வைத்து மாட்டுகிறேன். மொத்தம் 23 கனெக்டர். வயரிங் படத்தை லேமினேட் செய்து சீட்டுக்கு அடியில் வைத்திருக்கிறேன், சோதித்த தேதியை அதன் ஓரத்தில் மார்க்கரால் எழுதுகிறேன்.