கல்யாண மேசைப் பூவுக்குக் கிண்ணமா, குப்பியா?

தங்கை கல்யாணத்தில் விருந்தினர் மேசை 18. அத்தனைக்கும் பூ வைக்கும் வேலை என் தலையில் விழுந்தது. பலதையும் பார்த்துக் கழித்தபின் மிஞ்சியவை இரண்டு: அகல வாய்க் கண்ணாடிக் கிண்ணம், குறுகிய கழுத்துள்ள சின்னக் கண்ணாடிக் குப்பி. நான் எடுத்தது குப்பி. அதனால் இந்த அலசலும் அந்தப் பக்கம் கொஞ்சம் சாயத்தான் செய்யும்.

உயரம் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. எதிரே இருப்பவர் முகம் தெரிய வேண்டும். பூவோடு சேர்த்து 30 செ.மீ.க்குள் இருந்தால் சரி. மண்சட்டி அழகுதான், ஆனால் உள்ளே பூச்சு இல்லாவிட்டால் தண்ணீர் கசிந்து விரிப்பில் வட்டக் கறை விழும். தகர டப்பா துருப்பிடிக்கும். இரண்டுக்குள்ளும் இன்னொரு டப்பா வைக்க வேண்டும் என்றதும் விட்டுவிட்டேன்.

மற்றபடி எல்லாம் வாய் அகலத்தில்தான் இருக்கிறது. கடையில் சாடியின் விலையைத்தான் பார்க்கிறோம். பிறகு பணத்தைத் தின்பது அதன் வாய். விட்டம் 5 செ.மீ.யிலிருந்து 10 செ.மீ. ஆனால் நிரப்ப வேண்டிய பரப்பு நான்கு மடங்காகிவிடும். 10 செ.மீ. கிண்ணத்தில் பத்து ரோஜா வைத்துப் பார்த்தேன். எல்லாம் விளிம்புக்குச் சாய்ந்து நடுவில் குழி விழுந்தது. இருபதைத் தொட்டபிறகுதான் பார்க்கிற மாதிரி நின்றது. குப்பிக்கு இரண்டு மூன்று காம்பு போதும், கழுத்தே பிடித்துக்கொள்ளும். மேசைக்கு மூன்று குப்பி, ஏழு பூ என்றால் மொத்தம் 126. கிண்ணமாக இருந்தால் 360.

கிண்ணத்தின் வாயில் நிறமில்லாத டேப்பைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டிக் கட்டம் போட்டால் பூ கொஞ்சம் குறையும். விளிம்பு நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். காம்பைக் குத்தி நிறுத்தும் பச்சை ஸ்பாஞ்ச் வைக்கலாம்தான், ஆனால் கண்ணாடி வழியே பார்க்கச் சகிக்காது, குப்பையில் போட்டாலும் மக்காது.

குப்பியிலும் தொல்லை உண்டு. விருந்து முடிந்து 54 குப்பி கழுவியவனைக் கேளுங்கள்! (கல் உப்பும் வினிகரும் போட்டுக் குலுக்கினால் அடியில் படிந்த வழவழப்பு போய்விடும்.) தண்ணீர் கொஞ்சம்தான் பிடிக்கும் என்பதால் ஹைட்ரேஞ்சா மாதிரி தண்ணீரை உறிஞ்சும் பூ வேண்டாம், ரோஜாவும் கார்னேஷனும் இரவுவரை தாக்குப்பிடித்தன. காலியாகவே கொண்டுபோய், மேசையில் வைத்தபின் நீள மூக்குள்ள கெண்டியால் தண்ணீர் ஊற்றினேன். நான் வைத்தது மண்டபத்துக்குள். திறந்தவெளியில் காற்றடித்தால் கனமான கிண்ணம்தான் நிற்கும் என்று தோன்றுகிறது, வைத்துப் பார்த்ததில்லை.

மணமக்கள் மேசைக்கு மட்டும் கிண்ணம் வைத்தேன். அவ்வளவு நீள மேசையில் மூன்று குப்பி, போட்டோவில் யாரோ குடித்துவிட்டு மறந்துபோன பாட்டில் மாதிரி தெரிந்திருக்கும்.