‘வேலை உறுதி’ கோடிங் வகுப்பு: பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்

தமிழிலேயே கோடிங் சொல்லித் தருகிறோம், வேலை உறுதி, கிடைக்காவிட்டால் பணம் வாபஸ் என்று ஒரு விளம்பரம் சிங்கப்பூரில் மறுபடி சுற்ற ஆரம்பித்திருக்கிறது. நிறுவனத்தின் பெயர் புதிது. படங்களும் வாசகங்களும் அப்படியே பழையவை. இவர்களிடம் 4,800 வெள்ளி கட்டிப் படித்தவள் நான். எனக்கு இன்னும் கொஞ்சம் பணம் வர வேண்டியிருப்பதால் பெயரைப் போடவில்லை. பேசும் விதத்தைச் சொல்கிறேன், நீங்களே கண்டுபிடித்துவிடுவீர்கள்.

சாங்கியில் ஏர் கார்கோ கிடங்கில் பல வருடம் வேலை பார்த்தேன். ஷிப்ட் இல்லாத நேரத்தில் ஹார்வர்டின் சிஎஸ்50 என்ற கணினிப் பாடங்களைப் பார்த்து, ஃப்ரீகோட்கேம்ப் என்ற இணையதளத்தின் பயிற்சிகளைச் செய்து, பைத்தான், ஜாவாஸ்கிரிப்ட் என்ற நிரல் மொழிகளை நானாகவே ஓரளவு கற்றுக்கொண்டேன். இரண்டுக்கும் காசு கிடையாது. கிடங்கில் டெலிவரி ஆர்டர்களை எக்செலில் கண்ணால் ஒப்பிட்டுக்கொண்டிருந்தோம். அதைச் செய்ய ஒரு சின்ன பைத்தான் ஸ்கிரிப்ட்டும் (நிரல்) எழுதினேன். அப்போது எனக்குத் தேவைப்பட்டது பாடம் இல்லை, உள்ளே நுழைய ஒரு வாசல். இவர்கள் விற்பது அதைத்தான்.

போனில் பேசிய தம்பியின் முதல் கேள்வி: “அக்கா, உங்களுக்கு நாப்பது ஆயிருச்சா?”

ஏன் என்று பிறகுதான் புரிந்தது. 40 வயதும் அதற்கு மேலும் உள்ள சிங்கப்பூரர்களுக்கு 2024 மே மாதம் அரசின் திறன் பயிற்சித் திட்டமான ஸ்கில்ஸ்ஃபியூச்சரில் 4,000 வெள்ளி கிரெடிட், அதாவது வகுப்புக் கட்டணத்துக்கு மட்டும் பயன்படும் தொகை, போட்டார்கள். 2016இல் கொடுத்த 500ஐத் தொடாமல் வைத்திருந்தால் மொத்தம் 4,500. அவர்கள் கட்டணம் 4,800. “கையிலேருந்து முந்நூறு வெள்ளிதான்க்கா போகும். நம்ம ஆளுங்களுக்கு நாங்க செய்யாம வேற யாரு செய்வா?” நேரில் போனதும் பேச்சு மாறியது. வகுப்புக்கு அங்கீகாரம் வந்துகொண்டே இருக்கிறதாம். இப்போதைக்கு முழுத் தொகையையும் பேநவ்வில் (வங்கிக் கணக்குக்கு உடனே பணம் அனுப்பும் வசதி) அனுப்பிவிட வேண்டுமாம். பிறகு கிரெடிட்டிலிருந்து என் கணக்குக்கே திரும்ப வந்துவிடுமாம். விண்ணப்பித்ததற்கு அத்தாட்சி என்று ஒரு தாளையும் காட்டினார்கள்.

அந்த கிரெடிட் பயிற்சி நிறுவனத்துக்குத்தான் நேராகப் போகும், நம் வங்கிக் கணக்குக்கு வராது. 4,000 வெள்ளியை எல்லா வகுப்புக்கும் பயன்படுத்தவும் முடியாது, தேர்ந்தெடுத்த வகுப்புகளுக்கு மட்டும்தான். மைஸ்கில்ஸ்ஃபியூச்சர் தளத்தில் வகுப்பின் பெயரைத் தேடுங்கள். அதில் இல்லையென்றால் கிரெடிட்டும் இல்லை. ‘வந்துகொண்டிருக்கிறது’ என்பதை நம்பிப் பணம் அனுப்பாதீர்கள்.

வகுப்பைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பாதி பழைய வீடியோப் பதிவு, மீதி ஜூமில் ஒரு சார். இணையப் பக்கங்கள் எழுத உதவும் ரியாக்ட் என்ற கருவியில், பக்கம் திரையில் வந்ததும் ஓடும் யூஸ்எஃபெக்ட் என்ற பகுதி ஏன் சார் இரண்டு முறை ஓடுகிறது என்று ஒருத்தர் கேட்டார். “உங்க லேப்டாப் ஸ்லோவா இருக்கும், ரீஸ்டார்ட் பண்ணுங்க” என்றார் சார். ரியாக்ட் 18இல் ஸ்ட்ரிக்ட் மோட் என்ற சோதனை அமைப்பைப் போட்டிருந்தால், நாம் எழுதிக்கொண்டிருக்கும்போது பிழையைக் காட்டிக்கொடுப்பதற்காகவே அப்படி இரண்டு முறை ஓட்டிப் பார்க்கும். அது ரியாக்டின் சொந்த ஆவணத்திலேயே இருக்கிறது.

புராஜெக்ட்தான் பெரிய கேடு. சாப்பாடு ஆர்டர் செய்யும் ஒரு செயலியை முழுதாக எழுதியே கொடுத்துவிடுவார்கள். பெயரையும் நிறத்தையும் மாற்றி நிரல்களை வைக்கும் தளமான கிட்ஹப்பில் நம் கணக்கில் ஏற்ற வேண்டும், அவ்வளவுதான். மொத்த நிரலும் ஒரே கமிட்டில் (ஒரே தடவைப் பதிவில்) ஏறியிருக்கும். ஒன்-நார்த்தில் ஒரு நேர்முகத்துக்குப் போனபோது எதிரே இருந்தவர் திரையைப் பார்த்ததுமே, “இதே ஆப்பை இன்னொருத்தரும் கொண்டு வந்தாரே” என்றார். நிரலுக்குள் எழுதும் குறிப்பான ஒரு கமென்ட்டில் வேறு யாருடைய பெயரோ அப்படியே கிடந்தது. பிறகு அவரே நான் எழுதிய கிடங்கு ஸ்கிரிப்ட்டைத் திறந்து, ஒரே ஆர்டர் எண் இரண்டு முறை வந்தால் என்ன செய்வீர்கள் என்று ஆரம்பித்தார். மீதி நேரம் முழுக்க அதைப் பற்றியே பேசினோம். வேலை கிடைக்கவில்லை, ஆனால் 4,800 வெள்ளிச் செயலியைப் பற்றி அதன் பிறகு ஒரு கேள்வியும் வரவில்லை.

அடுத்து ரெஸ்யூமே. அவர்கள் நிறுவனத்தில் நான் இரண்டு வருடம் டெவலப்பராக இருந்ததாகப் போட்டு ஒன்றை அனுப்பினார்கள். முடியாது என்றேன். சம்பளச் சீட்டோ சிபிஎஃப் (ஓய்வூதியச் சேமிப்பு) அறிக்கையோ கேட்டால் அந்த இரண்டு வருடத்தை எங்கிருந்து காட்டுவது? “யாருக்கா அதெல்லாம் பாக்குறா” என்றார் தம்பி. அப்புறம், நான் ஒத்துழைக்கவில்லை, அதனால் உத்தரவாதம் செல்லாது என்று மின்னஞ்சல் வந்தது.

ஒப்பந்தத்தில் ‘வேலை’ என்பதற்குச் சம்பளமில்லாத இன்டர்ன்ஷிப்பும் சேர்த்தி. 100க்கு இத்தனை பேருக்கு வேலை என்று பேனரில் போடுகிறார்களே, இப்படி எண்ணினால் எந்த எண்ணும் வரும். அமெரிக்காவில் லாம்ப்டா ஸ்கூல் என்ற பெயரில் தொடங்கிய பள்ளிமீது 2024இல் அந்நாட்டு நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பு நடவடிக்கை எடுத்தது. வேலை கிடைத்தவர்கள் 86 சதவீதம் வரை என்று விளம்பரத்தில் சொன்னார்கள்; உண்மை 50ஐ ஒட்டித்தான், சில வகுப்புகளில் 30 வரைகூட இறங்கியது என்றது அந்த அமைப்பு.

‘பத்து வருட அனுபவம்’ என்பதைச் சரிபார்க்க ஒரு நிமிடம் போதும். இங்கே பதிவான கம்பெனிகளின் யூஇஎன் என்ற பதிவு எண்ணில் முதல் நான்கு இலக்கம் பதிவான வருடம். அரசின் நிறுவனப் பதிவுத் தளமான பிஸ்ஃபைலில் பெயரைப் போட்டால் இலவசமாகத் தெரியும். இவர்களுடையது 2023 என்று தொடங்கியது.

பணத்துக்கு முதலில் பயனீட்டாளர் சங்கமான கேஸிடம் போனேன். அவர்கள் எழுதிய கடிதத்துக்குப் பதிலே இல்லை. பிறகு சிறு கோரிக்கை நடுவர் மன்றம், அதாவது ஸ்மால் கிளைம்ஸ். 20,000 வெள்ளி வரை அங்கே கேட்கலாம். 5,000க்குள் என்றால் பயனீட்டாளருக்குப் பதிவுக் கட்டணம் 10 வெள்ளிதான். விண்ணப்பம் இணையத்திலேயே. இரு தரப்புக்கும் வக்கீல் கிடையாது என்பதால் போனில் அவ்வளவு பேசிய தம்பியே வந்து உட்கார வேண்டியதாயிற்று. அங்கே அவர் என்னை ‘மேடம்’ என்றார். 3,000 வெள்ளியை இரண்டு தவணையில் தருவதாக ஒப்புக்கொண்டார்கள். முதல் தவணை வந்துவிட்டது.

என்னோடு படித்தவர்கள் யாராவது இதைப் படித்தால்: ஒப்பந்தம், பேநவ் ரசீது, அந்தப் பொய் ரெஸ்யூமே வந்த வாட்ஸ்அப் செய்தி மூன்றையும் பத்திரமாக வைத்திருங்கள். கோரிக்கை போட 2 வருடம்தான் அவகாசம். முதலில் சேர்ந்தவர்களுக்கு அது முடியப்போகிறது.