நுவரெலியா சீசனில் நான் வாங்கிய விமானி புரோச்

ஏப்ரல் சீசனுக்கு நுவரெலியா போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். அங்கே மேசை போட்டுப் பழைய சாமான் விற்கிற யாராவது "யுத்தத்துல செத்த வெள்ளைக்கார விமானியோட நகை" என்று எதையாவது நீட்டினால் அவசரப்படாதீர்கள். நான் அவசரப்பட்டேன். 38,000 ரூபாய் போய்விட்டது.

பாதிப் பிழை என் வாய்தான். என் தாத்தா சின்ன வயதில் துரை பங்களாவில் எடுபிடியாக இருந்தவர். யுத்த காலத்தில் துரைசாணியின் தம்பி, விமானப்படைக்காரர், ஒருதரம் லீவுக்கு வந்தாராம். ஈஸ்டருக்கு மறுபடி வருகிறேன் என்று சொல்லிப் போனவர் வரவே இல்லை. அந்த அறையைப் பூட்டி, சாவியைத் துரைசாணி தன் இடுப்பிலேயே வைத்துக்கொண்டார் என்று தாத்தா சொல்வார். இந்தக் கதை முழுவதையும் பித்தளை மணியும் தராசுப் படியும் விலை கேட்டபடியே கடைக்காரரிடம் கொட்டிவிட்டேன்.

"நாளைக்கு வாங்க தம்பி. ஒரு சாமான் இருக்கு, எல்லாருக்கும் காட்டுறதில்ல" என்றார்.

மறுநாள் ஒரு புரோச் (உடுப்பில் குத்தும் நகை) வந்தது. இரண்டு சிறகு, நடுவில் இலை வளையத்துக்குள் ஆர்.ஏ.எஃப் (பிரித்தானிய விமானப்படை) எழுத்துகள், மேலே கிரீடம். பின்புறம் ஒரு வெள்ளைக்காரப் பெயரும் 5.4.42 என்ற தேதியும். 1942 ஏப்ரல் 5 ஈஸ்டர் ஞாயிறு. யப்பான் விமானங்கள் கொழும்பைத் தாக்கிய நாள். இரத்மலானையிலிருந்தும் குதிரைப் பந்தயத் திடலிலிருந்தும் எழும்பிய பிரித்தானிய ஹரிகேன் போர் விமானங்களில் பல திரும்பவில்லை. எனக்கு வேறென்ன வேண்டும்? "9 கரட் தங்கமா மொதலாளி?" என்று கேட்டேன், பெரிய விவரக்காரன் மாதிரி. அறுபதாயிரம் சொன்னார். "உங்க தாத்தா முகத்துக்காக" என்று குறைத்தார். பில் கேட்கத் தோன்றவில்லை.

அட்டனில் எங்களுக்குத் தெரிந்த பத்தரிடம் கொடுத்தேன். உரைகல்லில் ஒரு இழுப்பு, அவ்வளவுதான்: முலாம் பூசிய பித்தளை. அப்புறம் கண்ணாடி வைத்துப் பின்புறத்தைப் பார்த்தார். மேலே பழைய கீறல்கள் இருக்க, எழுத்து அந்தக் கீறல்களை வெட்டிக்கொண்டு போகிறது. வெட்டின பள்ளம் பளபளவென்று இருக்கிறது. "போன கிழமை வெட்டினதா இருக்கும் மகன்" என்றார்.

பதக்கம் சேர்க்கும் நண்பர் ஒருவர் படத்தைப் பார்த்துச் சிரித்தார். ஆறாம் ஜோர்ஜ் காலத்துச் சின்னங்களில் கிரீடத்தின் வளைவு மேலே உருண்டு நிற்குமாம். 1952இல் எலிசபெத் ராணி வந்த பிறகு மாறிய கிரீடத்தில் வளைவின் நடுவே ஒரு பள்ளம் விழும். என்னுடையதில் பள்ளம் இருக்கிறது. 1942இல் செத்தவர் அடுத்த ராணியின் கிரீடத்தைக் குத்திக்கொண்டு பறந்திருக்கிறார்! (இதை மட்டும் நம்பியும் வாங்காதீர்கள். சார்ள்ஸ் மன்னர் வந்த பிறகு உருண்டை வளைவு திரும்பி வந்துவிட்டது, புதுச் சாமானிலும் அது இருக்கும்.)

பொதுநலவாய யுத்தக் கல்லறை ஆணைக்குழுவின் இணையப் பட்டியலில் பெயரையும் தேதியையும் போட்டுக் காசில்லாமல் தேடலாம். உடல் கிடைக்காத விமானிகளும், அவர்கள் பெயர் பொறித்த சிங்கப்பூர் நினைவிடத்தின் பேரில், அதில் வருவார்கள். என் புரோச்சில் இருந்த பெயர் அந்தத் தேதியில் இல்லை. இதைக் காசு கொடுக்குமுன் கடை வாசலில் நின்றே போனில் பார்த்திருக்கலாம். ஐந்து நிமிட வேலை.

கடைக்காரரின் போன் ஓஃப். சீசன் முடிந்து போய்ப் பார்த்தால் மேசை இருந்த இடத்தில் சோளம் அவிக்கிறார்கள். நுகர்வோர் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் போன் எடுத்தேன். மரியாதையாகத்தான் பேசினார்கள். முதலில் கேட்டது, "பில் இருக்கா?"