'இறந்த குழந்தையின் விக்டோரியா காலப் படம்' என்று விற்கிறார்கள், உஷார்!

பழைய ஸ்டூடியோ படங்கள் சேகரிக்கிறவர்கள் கவனத்துக்கு. ஆன்லைனில் ஒரு வெளிநாட்டு விற்பனையாளர், 1860-களில் எடுத்த டின்டைப் (அந்தக் காலத் தகட்டுப் படம்), அதுவும் இறந்துபோன கைக்குழந்தையின் படம், கிடைக்கவே கிடைக்காது என்று அளந்துவிட்டு, சாதாரணப் படத்தைவிடப் பல மடங்கு விலைக்கு ஒன்றை என் தலையில் கட்டிவிட்டார்.

வந்தது டின்டைப்பே இல்லை. மெல்லிய இரும்புத் தகட்டின் மேலேயே படம் விழுந்திருந்தால்தான் டின்டைப், அதில் காந்தம் ஒட்டும். ஃப்ரிட்ஜில் இருந்த காந்தத்தை எடுத்து வைத்தேன், வழுக்கி விழுந்தது. லென்ஸில் பார்த்தால் பிள்ளையின் கன்னம் முழுக்கச் செய்தித்தாள் படம் மாதிரி பொடிப்பொடிப் புள்ளி. அச்சடித்த நகலைக் கறுப்பு அட்டையில் ஒட்டி, ஓரத்தை உப்புத்தாளால் தேய்த்துப் பழசாக்கியிருக்கிறார்கள்.

சரி, நகல் என்பதுகூடப் போகட்டும். மூலப் படத்திலேயே குழந்தை உயிரோடுதான் இருக்கிறது! வலது கை அசைந்து கலங்கியிருக்கிறது. அன்றைக்கு எக்ஸ்போஷர், அதாவது படம் பதிவாகும் நேரம், சில விநாடிகள் நீளும், கைக்குழந்தை அதுவரை சும்மா இருக்குமா? அதனால்தான் அம்மாவைத் துணியால் முழுக்கப் போர்த்தி உட்காரவைத்து, மடியில் பிள்ளையை வைத்து எடுத்தார்கள். இதிலும் பின்னால் பூப்போட்ட துணி மேடாகத் தெரிகிறது, மடிப்புக்குள்ளிருந்து நான்கு விரல்கள் பிள்ளையின் இடுப்பைப் பிடித்திருக்கின்றன. அந்தத் துணியைத்தான் விற்பனையாளர் 'சாவுத் துணி' என்று எழுதியிருந்தார்.

இவர்கள் விடும் கதை இன்னும் இருக்கிறது. காலுக்குப் பின்னால் இரும்பு ஸ்டாண்டின் அடிப்பாகம் தெரிந்தால், பிணத்தை நிறுத்திவைத்தது என்பார்கள். அது உயிருள்ளவர் தலை ஆடாமலிருக்க வைத்த தாங்கி, பிணத்தின் பாரத்தையெல்லாம் தாங்காது. கண் வெளுத்திருந்தால் செத்த கண்ணாம். கொலோடியன் என்ற ரசாயனம் பூசிய அன்றைய தகடு நீல ஒளியைத்தான் அதிகம் வாங்கும், நீலக் கண் அதில் வெளுத்துத்தான் விழும். இறந்த பிள்ளைகளைப் படம் எடுத்தது உண்மைதான், ஆனால் பெரும்பாலும் தூங்குவதுபோல் படுக்கவைத்து எடுத்தார்கள்.

பணத்தைக் கேட்டால், 'அலங்காரப் பொருள்' என்று கடைசி வரியில் பொடி எழுத்தில் போட்டிருக்கிறேனே என்கிறார். புள்ளிகளை லென்ஸ் வழியாகப் படம் பிடித்து அந்தத் தளத்தில் புகார் கொடுத்த பிறகு பாதிப் பணம் வந்தது. வாங்குவதற்கு முன் காந்தம் ஒட்டுவதை வீடியோவாகக் கேளுங்கள், பின்பக்கத்தையும் காட்டச் சொல்லுங்கள், மழுப்பினால் விட்டுவிடுங்கள். அதே குழந்தை, அதே பூப்போட்ட துணி, 'ஒரே ஒரு பிரதி' என்று நேற்று மறுபடி விற்பனைக்கு வந்திருக்கிறது, இந்த முறை விலை இன்னும் கூட.